அறைத் தோழரின் தூக்கமும் உங்கள் ஹெட்போனும்

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் வீடே பரபரப்பாகிவிடும். பாய், தலையணை, வாளி, மேசை விளக்கு என்று உம்மா எழுதும் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இப்போதெல்லாம் அந்தப் பட்டியலின் அடியில் ஹெட்போனும் இடம்பிடித்துவிடுகிறது. "பாட்டுக் கேட்கவா கெம்பஸ் போகிறாய்?" என்று வாப்பா கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பதிவு செய்யப்பட்ட விரிவுரை, இணையவழி வகுப்பு, ஆங்கிலப் பயிற்சி, வீட்டாருடன் பேசுவது என இன்றைய மாணவரின் அலுவல்கள் பலவும் காதின் வழியாகவே நடக்கின்றன. ஒரே அறையில் மூன்று பேர், நான்கு பேர் என்று தங்கும் இடத்தில் ஒருவர் படிக்கும் நேரம் இன்னொருவர் தூங்கும் நேரமாக இருக்கிறது. அங்கே ஹெட்போன் ஆடம்பரப் பொருள் அல்ல; அறையின் அமைதியைக் காக்கும் பொருள். அதைச் சரியாகத் தெரிந்து வாங்க வேண்டும் என்பதே இம்மாதம் நாம் சொல்ல வருவது.

திறந்ததும் மூடியதும்

காதை முழுவதுமாக மூடும் பெரிய ஹெட்போன்களில் இரண்டு வகை உண்டு. காதின் மேல் வரும் கிண்ணத்தின் வெளிப்புறத்தைப் பாருங்கள். அங்கே வலை போன்ற துவாரங்கள் இருந்தால் அது 'ஓப்பன் பெக்', அதாவது பின்புறம் திறந்த வகை. ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் எச்.டி. 414 என்ற பெயரில் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சத்தம் விசாலமாகவும் இயல்பாகவும் இருக்கும் என்று இசைப் பிரியர்கள் இன்றும் இதைத்தான் புகழ்வார்கள். ஆனால் உங்கள் காதுக்குள் போகும் அதே சத்தம் வெளியேயும் வந்துகொண்டிருக்கும். எதிர்க்கட்டிலில் படுத்திருப்பவருக்கு உங்கள் விரிவுரையாளர் என்ன பாடம் நடத்துகிறார் என்பது கூடக் கேட்கும்.

வெளிப்புறம் துவாரமின்றி அடைபட்டிருந்தால் அது 'குளோஸ்ட் பெக்', மூடிய வகை. உள்ளே இருக்கும் சத்தம் வெளியே போவது குறைவு. வெளியே இருக்கும் சத்தம் உள்ளே வருவதும் குறைவு. பலர் சேர்ந்து தங்கும் அறைக்கு இதுவே பொருத்தம். கடையில் யாராவது விலை கூடிய திறந்த வகையைக் காட்டி, "இதுதான் நல்ல சாமான்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. தனி அறை உள்ளவருக்கு அது நல்ல சாமான்தான். உங்களுக்கு அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிண்ணம் காதின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கும் சிறிய வகையும் இருக்கிறது, காதைச் சுற்றி வளைத்து மூடும் பெரிய வகையும் இருக்கிறது. சுற்றி மூடுவதையே எடுங்கள். சத்தத்தை அடைப்பதிலும் நீண்ட நேரம் போட்டிருப்பதிலும் அதுவே மேல்.

அடைப்பு எங்கே கசிகிறது?

மூடிய ஹெட்போன் சுவர் அல்ல. கதவின் கீழே சிறு இடைவெளி இருந்தாலும் சத்தம் வருவது போல, மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையில் சிறு வழி கிடைத்தாலும் சத்தம் கசியும். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் கால் அந்த வழியைத் திறந்துவிடுகிறது. மெல்லிய கால் உள்ள கண்ணாடியும் மிருதுவான, தடித்த மெத்தையும் இருந்தால் கசிவு குறையும். பர்தாவின் மேலே ஹெட்போன் போடும் சகோதரிகளுக்கும் இதே நிலைதான். துணி மடிப்பின் வழியே சத்தம் போகும். நூலகத்தில் அப்படிப் போட வேண்டியிருந்தால் மடிப்பில்லாமல் துணியை இழுத்துவிட்டுப் போடுங்கள். இப்படி இடைவெளி ஏற்பட்டால் முதலில் குறைவது தாழ்ந்த, கனத்த ஓசைகள்தான். 'இதில் பாஸ் இல்லை' என்று பலர் குறைப்படுவதற்கு ஹெட்போன் அல்ல, சரியாகப் பொருந்தாமையே காரணமாக இருக்கும்.

இரைச்சலை மின்முறையில் குறைக்கும் ஹெட்போன்களும் உள்ளன. வெளிச் சத்தத்தை ஒரு சிறு மைக் கேட்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உண்டாக்கி இரண்டையும் ஒன்றோடொன்று அழிக்கிறது. மின்விசிறியின் இரைச்சல், ஜெனரேட்டரின் உறுமல் போன்ற ஒரே சீரான தாழ்ந்த சத்தங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். பக்கத்துக் கட்டிலில் இருவர் பேசும் பேச்சை அவ்வளவாக அழிக்காது. அறையில் உங்களுக்குத் தொல்லை எது என்று பார்த்த பிறகே அந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுங்கள்.

வயரா, புளூடூத்தா?

புளூடூத் வகையில் வயர் தொல்லை இல்லை. ஆனால் அதற்குள் பட்டரி இருக்கிறது. சில வருடங்களில் பட்டரி தளர்ந்துவிடும். பல மாதிரிகளில் அதை மாற்றுவதும் இலகுவல்ல. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டை அனுபவித்த நமக்கு, சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத ஒரு பொருளின் அருமையை விளக்க வேண்டியதில்லை. வயர் உள்ள நல்ல ஹெட்போன் பத்து வருடத்துக்கு மேலும் உழைக்கும். சோனியின் எம்.டி.ஆர். 7506 மாதிரி 1991ஆம் ஆண்டில் வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் அதைப் பாவிக்கிறார்கள். ஓடியோ டெக்னிக்காவின் ஏ.டி.எச். எம்50எக்ஸ் மாதிரியில் வயரைக் கழற்றி மாற்றலாம். முதலில் பழுதாவது பெரும்பாலும் வயர்தான் என்பதால் இது பெரிய வசதி.

வயர் வகை வாங்குமுன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, உங்கள் கையடக்கத் தொலைபேசியில் வட்டமான ஹெட்போன் துவாரம் இருக்கிறதா? இல்லையென்றால் சார்ஜ் துவாரத்தில் மாட்டும் சிறிய அடப்டர் ஒன்றும் வேண்டும். இரண்டாவது, பெட்டியில் எழுதியிருக்கும் 'ஓம்' அளவு. பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ என்ற மாதிரி 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. இதில் 250 ஓம் வகையைத் தொலைபேசியில் மாட்டினால் சத்தம் போதாமல் போகலாம். தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 32 முதல் 80 வரை உள்ளதே ஏற்றது.

நமது வெயிலுக்கு

மூடிய ஹெட்போனின் பெரிய குறை சூடு. நமது காலநிலையில் ஒரு மணித்தியாலம் போட்டிருந்தால் காதைச் சுற்றி வியர்த்துவிடும். தோல் போன்ற செயற்கை உறை வியர்வையிலும் ஈரக்காற்றிலும் நாளடைவில் பொருக்குப் பொருக்காக உதிரும். ஆகவே மெத்தையைக் கழற்றி மாற்றலாமா, அது தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வெல்வெட் போன்ற துணி மெத்தை குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் சத்தத்தைச் சற்றுக் கூடுதலாக வெளியே விடும். பாவித்த பின் மெத்தையைத் துடைத்து, காற்றாட வைத்தால் நாள் கூட வரும்.

கடையில் ஒரு சோதனை

ஹெட்போனை உங்களுடன் வந்தவருக்குப் போட்டுவிடுங்கள். நீங்கள் வழமையாகக் கேட்கும் அளவில் ஒரு பேச்சை ஓடவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று கேளுங்கள். ஹெட்போனை மேசையில் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை, ஏனென்றால் தலையில் இல்லாதபோது எதுவும் கசியத்தான் செய்யும். பிறகு நீங்களே பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். நெற்றிப்பொட்டு வலித்தால் வேண்டாம். குனிந்து நிமிரும்போது கழன்று விழுந்தாலும் வேண்டாம். பெயர் போன மாதிரிகளுக்குப் போலிகள் ஏராளம். விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் நம்பாதீர்கள்.

காது ஒன்றுதான்

மூடிய ஹெட்போனால் கிடைக்கும் பெரிய நன்மை, குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கலாம் என்பதே. அந்த நன்மையைச் சத்தத்தைக் கூட்டிக் கெடுத்துவிடாதீர்கள். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம் மட்டுமே என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொலைபேசியின் முழுச் சத்தத்தில் 60 வீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உட்காதில் உள்ள நுண்ணிய உணர்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பரீட்சையை அடுத்த முறையும் எழுதலாம், காது அப்படியல்ல.

ஹெட்போனால் தீராத விடயங்களும் உண்டு. காதை மூடிக்கொண்டு வீட்டுக்குப் பேசும்போது உங்கள் குரல் உங்களுக்கே சரியாகக் கேட்காது. தெரியாமலே குரலை உயர்த்திவிடுவீர்கள். இரவில் பேச வேண்டுமானால் ஒரு காதைத் திறந்து வைத்துப் பேசுங்கள், அல்லது வெளியே போய்ப் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவரின் குறட்டைக்காக ஹெட்போனோடு தூங்காதீர்கள். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் போதும், விலையும் சொற்பம்.

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அறைக்குப் போன முதல் இரவே ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, "உங்களுக்குக் கேட்கிறதா?" என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் கேளுங்கள். "கொஞ்சம் கேட்கிறது" என்றால் குறையுங்கள். அவர் "இல்லை" என்று சொல்லும் அளவைத் தொலைபேசியில் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அதற்கு மேல் போகாதீர்கள். ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்து வாழப்போகிறவர்களுக்கு இடையில் அந்த ஒரு கேள்வி செய்கிற நன்மையை எந்த விலையுயர்ந்த ஹெட்போனும் செய்யாது.