பட்டம் கடைச் சரக்கா?

மாணவருக்கும் கடமை உண்டு. பல்கலைக்கழகத்துக்கும் கடமை உண்டு!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்.

"பையனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? பணத்துக்கு என்ன செய்வது?"

தாயின் கையில் கிடந்த வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. தந்தை தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்குகிறார். பணத்தைக் கட்டியதும் ஒரு ரசீது கிடைக்கிறது. அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

அந்த ரசீதில் எவ்வளவு பணம் கட்டினார்கள் என்பது எழுதி இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகம் என்ன செய்யவேண்டும் என்பது எழுதி இல்லை. மாணவன் என்ன செய்யவேண்டும் என்பதும் எழுதி இல்லை.

இங்கேதான் தகராறு பிறக்கிறது.

"பணம் கொடுத்தேன், பட்டம் கொடு" என்கிறான் மாணவன். "சேர்த்துக்கொண்டதே பெரிது, சொன்னபடி கேள்" என்கிறது நிர்வாகம்.

இரண்டில் எது சரி?

கோர்ட்டு சொன்னது

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போய் இருக்கிறது.

பீகாரில் பள்ளிப் பரீட்சை எழுதிய ஒரு மாணவனுக்கு, வேறு ஒருவனுக்குக் கொடுத்த அதே நம்பரையே கொடுத்துவிட்டார்கள். அவனுடைய பரீட்சை முடிவு வரவில்லை. ஓர் ஆண்டு வீணாயிற்று. "பணம் வாங்கிக்கொண்டு சரியாக வேலை செய்யவில்லை" என்று அவனுடைய தந்தை நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்.

2009-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பரீட்சை நடத்துவது வியாபாரம் அல்ல. பரீட்சை எழுதுகிறவர் சரக்கு வாங்கும் வாடிக்கையாளரும் அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

மறு ஆண்டு, 2010-ல், அரியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் வழக்கு வந்தது. அப்போது இருந்த விதிக்கு மாறாக ஒரே சமயத்தில் இரண்டு படிப்புகளில் சேர்ந்த ஒரு மாணவி, பி.எட். பட்டம் கேட்டார். அந்த வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு அதே வழியில்தான் தீர்ப்பளித்தது.

பல்கலைக்கழகம் கடை அல்ல என்று ஆகிவிட்டது. அப்படியானால் அதற்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. கடைக்காரரின் பொறுப்பைவிட அது பெரியது. வாங்கிய சேலை சாயம் போனால் வேறு சேலை வாங்கலாம். இருபது வயதில் இழந்த ஓர் ஆண்டை எந்தக் கடையில் வாங்குவது?

ஆசிரியருக்கு அபராதம்!

இந்தச் சண்டை இன்று நேற்று வந்தது அல்ல.

இத்தாலி நாட்டில் பொலோனா என்று ஒரு நகரம் இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான் தோன்றியது. 1088-ம் ஆண்டை அதன் தொடக்கம் என்று சொல்வது வழக்கம்.

அங்கே அதிகாரம் மாணவர்கள் கையில் இருந்தது! சட்டம் படிக்க வெளியூர்களில் இருந்து வந்த அவர்கள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் பேசியது அந்தச் சங்கம்தான்.

ஆசிரியர் நேரம் கழித்து வந்தால் அபராதம். நேரத்துக்குமேல் பாடம் நடத்தினாலும் அபராதம். குறித்த நாளுக்குள் குறித்த பாடத்தை முடிக்காவிட்டால், முன்பணமாகக் கட்டிய தொகையில் பிடித்தம். பாடம் கேட்க ஐந்து மாணவர்கள்கூட வராவிட்டால், அன்று ஆசிரியர் வேலைக்கு வராததாகக் கணக்கு!

பிரான்சு நாட்டின் பாரீசு நகரில் நிலைமை தலைகீழ். அங்கே ஆசிரியர்களின் சங்கமே பல்கலைக்கழகமாக இருந்தது. அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

இந்தியாவுக்குப் பல்கலைக்கழகம் வந்த விதம் வேறு. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் ஏற்பட்டன. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தவை அவை. அவற்றின் முக்கிய வேலை பரீட்சை நடத்துவதும் பட்டம் கொடுப்பதுமே. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை.

இங்கே மாணவர் ஆட்சியும் இல்லை. ஆசிரியர் ஆட்சியும் இல்லை. காரியாலயத்தின் ஆட்சி ஏற்பட்டது!

பந்து உருள்கிறது

அந்த அமைப்பு பெரும்பாலும் இன்றும் நீடிக்கிறது. மாணவன் தினமும் போவது கல்லூரிக்கு. அவனுக்குப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். மூன்று ஆண்டு படித்தும், பல்கலைக்கழகத்தின் வாசலை ஒருமுறைகூடப் பார்க்காத மாணவர்கள் ஏராளம்.

அதனால் ஒரு சங்கடம். மார்க்குப் பட்டியல் வரவில்லை என்று கல்லூரியில் கேட்டால், "பல்கலைக்கழகத்தில் கேள்" என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால், "கல்லூரி விவரம் அனுப்பவில்லை" என்கிறார்கள். நடுவில் நிற்கிற பெண்ணுக்கு வேலைக்குச் சேரும் தேதி தாண்டிப் போகிறது.

மேலே இருப்பவர்களின் தகராறும் மாணவர் தலையில்தான் விழுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஓர் ஆண்டு கடந்தும் புதிய துணைவேந்தர் வரவில்லை. நியமிப்பது யார், எப்படி என்பதில் கவர்னருக்கும் மாநில அரசுக்கும் கருத்து வேற்றுமை. யார் பக்கம் நியாயம் என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். தலைவர் இல்லாத வீட்டில் பிள்ளைகளின் காரியம் தாமதப்படும் என்பதை அறிய வாதம் தேவை இல்லை.

பல்கலைக்கழகம் செய்யவேண்டியது

முதல் கடமை, உண்மையைச் சொல்லுவது. எத்தனை இடம், எவ்வளவு கட்டணம், எந்த ஆசிரியர்கள் என்பவற்றை மாணவர் சேர்க்கை தொடங்குவதற்கு 60 நாட்களுக்கு முன்பே வெளியிடவேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அங்கீகாரம் இல்லாத போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு வெளியிடுகிறது. வளையலை அடகு வைக்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, பணத்தில் நேர்மை. சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்து மாணவன் விலகினால் என்ன ஆகும்? 2018-ல் மானியக் குழு கணக்குச் சொல்லி இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால், கட்டணம் முழுவதும் திரும்பவேண்டும். அதில் 5 சதவீதம் மட்டும், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசித் தேதி கழிந்து 15 நாளுக்குள் 80 சதவீதம். 15 நாளுக்கு மேல் 30 நாளுக்குள் 50 சதவீதம். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பின்னர் சில ஆண்டுகளில் இதைவிடச் சலுகையான தேதிகளையும் மானியக் குழு அறிவித்தது.

அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

மூன்றாவது, மார்க்கு போடுவதில் நேர்மை. 2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. பரீட்சை எழுதியவர், திருத்திய தம் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பார்க்கலாம், நகலும் வாங்கலாம். ஆனால், விதியில் இடம் இல்லாதபோது மறுபடியும் திருத்து என்று கேட்பது தனி உரிமை ஆகாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது.

நான்காவது, பாதுகாப்பு. புதிதாக வந்த மாணவனைப் பழைய மாணவர்கள் வதைக்கும் "ராகிங்" கொடுமை பல உயிர்களைக் குடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1997-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்தது. குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2009-ல் மானியக் குழு போட்ட விதிகளின்படி, போலீசுக்குப் போகவேண்டிய குற்றம் என்றால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் புகார் கொடுக்கவேண்டும். "பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைப்பது கடமை தவறுவதாகும்.

புகாரைக் கேட்கக் காது

ஐந்தாவது கடமைதான் மிகவும் முக்கியம்: மாணவர் சொல்வதைக் கேட்பது.

2023-ல் மானியக் குழு புதிய விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் குறை தீர்க்கும் குழு இருக்கவேண்டும். அதில் பெண் ஒருவராவது இடம் பெறவேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த ஒருவராவது இருக்கவேண்டும்.

புகார் வந்தால், 15 வேலை நாட்களில் குழு தன் அறிக்கையைக் கொடுக்கவேண்டும். முடிவு திருப்தி இல்லை என்றால், மாணவர் 15 நாட்களுக்குள் குறைகேட்பு அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தரோ, ஓய்வு பெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்த அதிகாரியாக இருப்பார். அவர் 30 நாட்களில் தீர்த்து வைக்க முயலவேண்டும்.

விதி நல்ல விதி. ஆனால் பெட்டியில் பூட்டிய மருந்து நோயைத் தீர்க்காது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள், புகாரை எங்கே கொடுப்பது என்று மாணவர்களுக்குத் தெரிந்தால்தான் குழுவால் பயன். அதைக் கல்லூரிச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க அதிகச் செலவு ஆகாது!

மாணவர் செய்யவேண்டியது

உரிமை பேசும் மாணவர், கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும்.

பல்கலைக்கழகம் ஓடுவது மாணவர் கட்டும் கட்டணத்தால் மட்டும் அல்ல. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மக்கள் வரிப்பணம் போகிறது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கூலித் தொழிலாளி சோப்பு வாங்கும்போதும் வரி கொடுக்கிறார். அவருடைய காசும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றுகிற மாணவன், தன் தந்தையை மட்டும் அல்ல, அந்தத் தொழிலாளியையும் ஏமாற்றுகிறான்.

காப்பி அடிப்பவன் யாரை ஏமாற்றுகிறான்? பக்கத்தில் விடிய விடியப் படித்து எழுதும் மாணவியை ஏமாற்றுகிறான். ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு மதிப்பு குறைந்தால், அங்கே படித்த அத்தனை பேருக்கும் மதிப்பு குறைகிறது.

புகார் செய்வதிலும் நேர்மை வேண்டும். வேண்டும் என்றே பொய்ப் புகார் கொடுத்தால், கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்கச் சிபாரிசு செய்யலாம் என்று அதே 2023 விதிகள் கூறுகின்றன.

மாணவர் சங்கத் தேர்தலுக்கும் ஒழுங்கு உண்டு. லிங்டோ குழு கூறிய யோசனைகளை 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. 75 சதவீத வருகை வேண்டும் என்பவை அவற்றில் சில. படிப்பவன்தான் தலைவனாக வரவேண்டும் என்பது அதன் கருத்து.

1989 முதல் நம் நாட்டில் 18 வயதானவருக்கு ஓட்டு இருக்கிறது. நாட்டை ஆளுகிறவரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உள்ளவரை, பல்கலைக்கழகம் சிறு பிள்ளையைப்போல் அதட்டக்கூடாது. ஓட்டுப் போடுகிறவரும் சிறு பிள்ளையைப்போல் நடக்கக்கூடாது.

பெற்றோர் கவனிக்க!

படிக்காத பெற்றோர்கூடச் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. கட்டிய பணத்துக்கு எல்லாம் ரசீது கேட்டு வாங்கவேண்டும். வாயால் சொல்லும் குறைக்குச் சாட்சி இல்லை. எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கவேண்டும். தேதிகளைக் குறித்து வைக்கவேண்டும். "இன்று என்ன பாடம் நடந்தது?" என்று மாலையில் பிள்ளையைக் கேட்கவேண்டும். பதில் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்கிற ஆள் இருக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

அன்று பொலோனாவில் மாணவர் ஆசிரியருக்கு அபராதம் போட்டார்கள். பாரீசில் ஆசிரியர் மாணவரை ஆண்டார்கள். இன்று அபராதமும் வேண்டாம், ஆட்சியும் வேண்டாம். சொன்ன நாளில் பாடம், சொன்ன நாளில் பரீட்சை, சொன்ன நாளில் பட்டம் — இதைப் பல்கலைக்கழகம் செய்யட்டும். உண்மையான உழைப்பை மாணவர் கொடுக்கட்டும்.

இரண்டும் சேர்ந்தால், அடகுக் கடைக்குப் போன வளையல் சீக்கிரம் வீடு திரும்பும்!