மீட்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கா?



"கை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை, ஆகவே மோட்டார் நல்ல மோட்டார்" என்று சொல்லி விற்கிற வியாபாரியும், அதற்குத் தலையாட்டி வாங்குகிற குடியானவனும் கோயமுத்தூர் ஜில்லாவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். இரும்பு 60 டிகிரியை எட்டினாலே மனிதன் கை அதில் நிற்காது. ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் இன்சுலேஷனோ, 'பி' வகையானால் 130 டிகிரியும், 'எஃப்' வகையானால் 155 டிகிரியும் தாங்கும்படி செய்யப்பட்டது. அப்படியிருக்க, கை என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்? நல்ல மோட்டாரைக் கெட்டதென்று தள்ளும்; வெளியே ஆறி உள்ளே வெந்துகொண்டிருப்பதை நல்லதென்று சொல்லும். பிறகு நட்ட பயிர் காய்கிற நேரத்தில் மோட்டார் எரிந்தால், கண் பட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டுவது!

நிற்க. கையை நம்பாதே என்று சொல்வது சுலபம். கையை விட்டவர்கள் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, அதில் தெரிகிற எண்ணுக்குத் தோப்புக்கரணம் போடுகிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று நாம் பேச வேண்டியிருக்கிறது. சாஸ்திரம் சொல்லிற்று என்பதற்கும், மீட்டர் சொல்லிற்று என்பதற்கும், எப்படிச் சொல்லிற்று என்று கேட்காதவரையில், என்ன வித்தியாசம்?

மோட்டார், பம்பு, கிரைண்டர் சோதிக்கும் இடங்களில் உஷ்ணம் அறிய வைப்பது தெர்மோகப்பிள் என்பதாகும். அதில் மாயம் ஒன்றுமில்லை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு நுனியில் சேர்த்து, மறு நுனிகளை மீட்டரில் மாட்டுவது, அவ்வளவுதான். ஒரு பக்கம் சுட்டு மறு பக்கம் குளிர்ந்திருந்தால் சிறிது மின்னழுத்தம் பிறக்கும். 'கே' என்ற வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் 41 பங்கு. இதை 1821இல் கண்டவர் சீபெக் என்ற ஜெர்மானியர். அவர் இரு உலோக வளையத்தைச் சூடாக்கினார், பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பிற்று; உடனே இது காந்த சக்தி என்று முடிவு கட்டி, அதை விடாமலும் பிடித்துக்கொண்டார். மின்சாரமே ஓடுகிறது என்று எடுத்துக்காட்டியவர் எர்ஸ்டெட். கண்டுபிடித்தவர் சொன்னதாயிற்றே என்று உலகம் கைகட்டி நின்றிருந்தால் இன்று நம்மிடம் இந்தக் கருவியே இராது.

இவ்வளவு சின்ன அழுத்தத்தை அளக்கிற காரியம் கெட்டுப்போக அதிக நேரம் பிடிக்காது. கம்பிகளை ஓர் அங்குலம் முறுக்கி நுனியில் பற்றவைக்கிறார்கள். முறுக்கின் அடியில், மீட்டர் பக்கமாக, எங்கே முதலில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறதோ அந்த இடத்தின் உஷ்ணமே மீட்டருக்குப் போகும், நுனியின் உஷ்ணமல்ல. ஆகையால் முறுக்கு வேண்டாம். நுனியில் கடுகுக்கும் சிறிய மணியாகப் பற்றவைத்தால் போதும்.

அதைவிடக் கேடு, கம்பி எட்டவில்லை என்று சாதாரணத் தாமிரக் கம்பியை ஒட்டுப் போடுவது. கணக்குப் பார்ப்போம். நுனியில் 110 டிகிரி. ஒட்டுப் போட்ட இடம் மோட்டாருக்குப் பக்கத்திலே 50 டிகிரியில் கிடக்கிறது. மீட்டர் 30 டிகிரியில் இருக்கிறது. 110க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் 60 மட்டுமே வந்து சேரும். அதோடு மீட்டர் தன் 30ஐக் கூட்டி 90 என்று காட்டும். இருபது டிகிரி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, மோட்டாருக்குள்ளேதான் இருக்கிறது. பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. அப்படியானால் இருபதுக்குக் கால் பங்குதான் மிஞ்சும். காகிதத்தில் பாஸ், சோமனூர்ப் பக்கத்துத் தறிக் கூடத்தில் புகை!

ஒட்டுகிற விதமும் அப்படியே. டேப் ஒட்டினால் சூட்டில் பிசின் இளகி நுனி எழும்பும். மீட்டர் காற்றின் உஷ்ணத்தைச் சொல்லும். பசையை உருண்டையாக வைத்தால் மணி பசையில் மிதக்கும், உலோகத்தைத் தொடாது. தடித்த கம்பியை நேராகத் தூக்கி நிறுத்தினால் அதுவே சூட்டை உறிஞ்சி வெளியேற்றும். வீட்டுச் சாமான்களுக்கான ஐ.இ.சி. 60335 விதி, 0.3 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய கம்பியை எதிர்பார்ப்பது இதற்காகவே. மணியை உலோகத்தோடு அழுத்தி, கம்பியைக் கொஞ்ச தூரம் அதன்மேலேயே படியவிட்டு, பிறகுதான் எடுக்க வேண்டும். சோதனைக்கூடங்களில் சோடியம் சிலிகேட்டில் குழைத்து மெல்லப் பூசுகிற மண் என்ன தெரியுமா? சீமாட்டிகள் முகத்தில் பூசுகிறார்களே, அந்த முல்தானி மட்டியின் இனம்தான்.

சிவப்புக் கம்பி என்றாலே பாசிட்டிவ் என்று நம்புகிற எலக்ட்ரீஷியனுக்கு ஒரு சங்கதி: அமெரிக்க முறையில் தெர்மோகப்பிளின் சிவப்பு நெகட்டிவ். ஐ.இ.சி. முறையில் 'கே' வகைக்குப் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். நிறத்தைப் பார்த்து யோக்கியதையை முடிவு செய்கிற பழக்கம் இங்கேயும் உதவாது.

கருவியைப் பரீட்சிக்க வழி இருக்கிறது. நொறுக்கிய பனிக்கட்டி கலந்த தண்ணீரில் 0 வரவேண்டும். கொதிநீரில் 100 வரவேண்டும் என்பார்கள். கோவைச் சீமை கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே இருப்பதால், இங்கே 98½ டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். புஸ்தகத்தை நம்பி, 98½ காட்டிய நல்ல கருவியைப் பழுதென்று சொல்கிறவன் படித்தவன்தான், ஆனால் யோசித்தவனல்லன்!

இவ்வளவையும் செய்கிறது யார்? பெரும்பாலும் 'வயர் ஒட்டுகிற பையன்' என்று அழைக்கப்படுகிற தொழிலாளி. ரிப்போர்ட்டில் கையெழுத்திடுகிறவரோ வேறொருவர். மணி எங்கே ஒட்டப்பட்டது என்று குனிந்து பார்த்தாரோ இல்லையோ! கையால் வேலை செய்கிறவன் தாழ்ந்தவன், காகிதத்தில் எழுதுகிறவன் உயர்ந்தவன் என்கிற பழைய வியாதி சோதனைக்கூடத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் அந்த எண்ணின் யோக்கியதை முழுவதும் அந்தப் பையன் விரலில் அல்லவா இருக்கிறது? அவனுக்கு ஏன் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். உரிய சம்பளம் கொடுக்க வேண்டும். ஒட்டியவன் பெயரும், ஒட்டிய இடத்தின் படமும் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறோம்.

மோட்டார் வாங்குகிற தோழர்களும், "எத்தனை டிகிரி?" என்பதோடு நிற்காமல், "எந்த இடத்தில், எதனால் ஒட்டி, எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்று கடைக்காரரைக் கேட்கட்டும். அவருக்குத் தெரியாவிட்டால் செய்தவருக்கு எழுதிக் கேட்டுச் சொல்லட்டுமே.