அறிவியல் அறிவோம்: உயிரணுவில் ஓர் ஆலை

சளியும் காய்ச்சலுமாகக் குழந்தையை அழைத்துச் சென்றால் மருத்துவர் ஒரு சமயம் ஆன்டிபயாட்டிக் மருந்து எழுதித் தருகிறார்; மற்றொரு சமயம் அது வேண்டியதில்லை என்று மறுத்துவிடுகிறார். இரண்டும் காய்ச்சல்தாமே, இந்த வேற்றுமை ஏன் என்று நம் சங்கத்துத் தாய்மார்கள் வினவுவதுண்டு. விடை காண்பதற்கு உயிரணுவின் உள்ளே சற்று எட்டிப் பார்த்தல் வேண்டும். இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

நம் உடலை இயக்குவன புரதங்கள். குருதியில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளும் புரதங்களே. இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கொண்டு கோத்த மாலை என்று புரதத்தைக் கூறலாம். மணிகளின் வரிசை பிறழ்ந்தால் பயன் கெடும். ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்னும் பகுதிக்கு 146 மணிகள். அவற்றுள் ஆறாவது மணி ஒன்று மட்டும் மாறியிருக்க, அம்மாற்றத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரு குழந்தை பெறுமானால், அரிவாள் வடிவ இரத்தச்சோகை என்னும் கொடிய நோய்க்கு ஆளாகிறது.

இவ்வரிசை எழுதப்பட்டுள்ள ஏடே மரபணு. டி.என்.ஏ. என்னும் பொருளால் ஆன அந்த ஏட்டின் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள். மூன்று எழுத்துகள் சேர்ந்தது ஒரு சொல். ஆக, 64 சொற்கள். அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் 'இங்கே நிறுத்துக' என்னும் பொருளுடையன. 1961-இல் நிரன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் முதற்சொல்லின் பொருளைக் கண்டார். பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஹர் கோவிந்த் குரானாவும் பிறரும் சில ஆண்டுகளுக்குள் அகராதி முழுவதையும் நிறைவு செய்தனர். குரானா, நிரன்பர்க், ஹோலி ஆகிய மூவரும் 1968-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஊரிலுள்ள வீட்டின் மூலப்பத்திரத்தை நாம் போகுமிடமெல்லாம் எடுத்துச் செல்வதில்லை. அது பெட்டியில் பத்திரமாக இருக்க, வேண்டிய பக்கத்திற்கு மட்டும் நகல் எடுத்துக்கொள்கிறோம். நம் உயிரணுவும் அவ்வாறே செய்கிறது. டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை; வேண்டிய புரதத்திற்குரிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகலாக வெளிவருகிறது. அந்நகலைப் படித்து மாலை கோக்கும் ஆலையின் பெயர் ரைபோசோம். நகலின் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள் சுமந்து வந்து தர, ரைபோசோம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கிறது. பாக்டீரியா என்னும் நுண்கிருமியிடத்து இவ்வாலை நொடிக்குச் சுமார் இருபது மணிகளைக் கோத்துவிடும்!

இவ்வாலையின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்தவர்களுள் ஒருவரை நம் அன்பர்கள் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபெயர்ந்து வளர்ந்தவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். பரோடாப் பல்கலைக்கழகத்தில் 1971-இல் பௌதிகப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் அத்துறையிலேயே டாக்டர் பட்டமும் பெற்ற பின்னர் உயிரியலின்பால் திரும்பினார். ரைபோசோமின் இரு பகுதிகளுள் சிறியதன் அமைப்பை அவர் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவர் வரலாறு ஊக்கம் தருவதாகும்.

இனித் தாய்மார்களின் வினாவுக்கு வருவோம். பாக்டீரியாவுக்கும் ரைபோசோம் உண்டு. ஆனால் அதன் அமைப்பு நம்முடையதிலிருந்து சற்றே வேறுபட்டது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், அசித்ரோமைசின் முதலிய மருந்துகள் அவ்வேறுபாட்டையே பற்றுக்கோடாகக் கொண்டு கிருமியின் ஆலையைக் கெடுக்கின்றன. நம் ஆலை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. சாதாரணச் சளியையும் இன்புளூயன்சாவையும் உண்டாக்கும் வைரசுக்கோ சொந்த ஆலையே கிடையாது. அது நம் உயிரணுவினுள் புகுந்து தன் நகலை நீட்டி, நம் ரைபோசோமைக் கொண்டே தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. இல்லாத ஆலையை மருந்து எவ்வாறு தாக்கும்? பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் புறச்சுவரைத் தாக்குவன. வைரசுக்கு அச்சுவரும் இல்லை.

பயனில்லை என்பதோடு இது நின்றுவிடுவதில்லை. நம் உடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் பல. வேண்டாத மருந்தை உட்கொள்ளும்போது அவற்றுள் எளியவை மடிய, மருந்துக்கு அடங்காதவை பெருகுகின்றன. சில கிருமிகள் மருந்து வந்து ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. அவ்வித்தை மரபணுவில் எழுதப்பட்டிருப்பதால் சந்ததிக்கும் செல்கிறது. பக்கத்துக் கிருமிக்கும் கைமாறுகிறது. பின்னர் உண்மையாகவே மருந்து தேவைப்படும் நாளில் அது கைகொடாமற் போகலாம்.

மாற்றலாகிப் புது ஊருக்கு வந்து, மொழியும் தெரியாமல், நல்ல மருத்துவர் யாரென்றும் அறியாமல் தவிக்கும் நாட்களில், பழைய மாத்திரை அட்டையைக் கடைக்காரரிடம் காட்டி அதனையே வாங்கிக் கொடுப்பது நம் இல்லங்களில் காணும் வழக்கம். சென்ற ஆண்டு மூத்தவனுக்குக் கொடுத்ததில் மிஞ்சியதை இவ்வாண்டு இளையவளுக்குக் கொடுப்பதும் உண்டு. இவ்விரண்டையும் விட்டொழித்தல் நன்று. மருத்துவர் தந்தால் அவர் குறித்த அளவும் நாளும் தவறாமல் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே தணியும். ஆயினும் குழந்தை மூச்சு வாங்கினாலோ, பால் நீர் அருந்த மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மொழி ஒரு தடையாயின் அண்டையிலுள்ள சங்கத்து அன்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அத்தகைய வேளையில் ஒருவர்க்கொருவர் துணை நிற்பதற்கன்றோ நாம் சங்கம் கண்டது!