எடுத்தால் போய்விடுமா சுளுக்கு?

கால் புரண்டு கணுக்கால் வீங்கிவிட்டால் நம் ஊர்களில் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது: "சுளுக்குதான், ஒண்ணுமில்லை." அடுத்துச் செய்ய வேண்டியதும் எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருக்கிறது. எண்ணெய் தடவி நீவிவிட வேண்டும். சுளுக்கு எடுக்கத் தெரிந்தவரிடம் போய் இழுத்துவிடச் சொல்ல வேண்டும். புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட வேண்டும். வலி நின்றதும் பழையபடி ஓடலாம். இந்த வழக்கத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உள்ளே ஏதோ ஒரு நரம்பு பிசகியிருக்கிறது, அதைத் தடவியோ இழுத்தோ சொந்த இடத்தில் சேர்த்துவிட்டால் கால் குணமாகிவிடும், வலி போனதே குணமானதற்குச் சாட்சி என்பது அந்த நம்பிக்கை. கிராமத்தாரை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. மருந்துக் கடையில் ஸ்ப்ரேயும் கிரேப் பேண்டேஜும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவரும், மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் கட்டிலில் கிடப்பவரும் இதே நம்பிக்கையின் வேறு கிளைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். காலுக்கு யாராவது எதையாவது செய்துவிட்டால் போதும், அல்லது நாள் கடந்தால் போதும், அந்தக் கால் தானாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதே எல்லோருடைய எண்ணமும். இது தொடக்கத்திலிருந்து முடிவுவரை தவறு. ஒருமுறை புரண்ட கால் பலருக்கு மறுபடி மறுபடி புரள்வதற்கு இந்தத் தவறே முக்கியக் காரணம்.

முதலில், உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். கெண்டைக்கால் பகுதியின் இரண்டு எலும்புகளும் கீழே சேர்ந்து ஒரு கவ்வைபோல அமைந்திருக்கின்றன. அந்தக் கவ்வைக்குள் தாலஸ் என்னும் எலும்பு பொருந்தி அசைகிறது. தாலஸின் முன்பகுதி அகலம், பின்பகுதி குறுகல். பாதம் மேல்நோக்கி மடங்கியிருக்கும்போது அகலமான பகுதி கவ்வைக்குள் இறுக்கமாக நிற்கும். கட்டைவிரல் கீழே தாழும்போது குறுகலான பகுதி வந்து மூட்டு தளர்ந்துவிடும். வாலிபாலில் எம்பி அடித்துவிட்டு இறங்குகிறவர், படியை விட்டுத் தவறிக் கால் வைக்கிறவர், இருவருடைய பாதமும் தரையைத் தொடுவது இந்தத் தளர்ந்த நிலையில்தான். அப்போது உள்ளங்கால் உட்புறமாகத் திரும்பினால் முழு உடலின் பாரமும் வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பைப் பிணைத்திருக்கும் மூன்று தசைநார்கள்மேல் விழுகிறது. விளையாட்டு வீரர்கள் லிகமென்ட் என்று சொல்வது இவற்றைத்தான். மூன்றில் முன்னால் இருப்பது மிகவும் மெலிந்தது. அதுதான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது. வேகம் அதிகமானால் அடுத்ததும் கிழியும். வெளிக்கணுவுக்குக் கீழே தோன்றும் வீக்கமும், ஓரிரு நாளில் பாதம்வரை இறங்கும் கருநீலமும் அந்தக் கிழிசலில் கசிந்த இரத்தமும் நீரும். இங்கே எந்த நரம்பும் இன்னொன்றின்மேல் ஏறவில்லை. எதுவும் இடம் மாறவில்லை. இழை நைந்திருக்கிறது, பாதி கிழிந்திருக்கிறது, அல்லது முழுக்க அறுந்திருக்கிறது. கிழிந்ததை இழுத்து ஒட்ட முடியாது.

சுளுக்கு எடுப்பதன் தீங்கு இங்கிருந்து தொடங்குகிறது. புதிதாகக் கிழிந்த இடத்தை முதல் ஓரிரு நாளுக்குள் அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும், வீக்கம் கூடும். பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் மிச்சமிருக்கும் இழைகளும் நீள வாய்ப்புண்டு. எலும்பில் விரிசல் இருந்தால் அது விலகிவிடலாம். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டியதில் இரத்த ஓட்டம் தடைபட்டுக் காலே ஆபத்துக்குள்ளான நோயாளிகளை எலும்பு மருத்துவர்கள் நன்கறிவார்கள். "எத்தனையோ பேருக்குச் சரியாகியிருக்கிறதே" என்ற எதிர்வாதம் வரும். சரியாகியிருப்பது உண்மை. ஆனால் லேசான சுளுக்கில் வலியும் வீக்கமும் ஓரிரு வாரத்தில் தாமாகவே தணிந்துவிடும். அந்த நாட்களுக்குள் யார் எதைச் செய்திருந்தாலும் புகழ் அவருக்குப் போய்ச் சேரும். தேய்க்கும்போது உடனே கிடைக்கும் இதத்துக்கும் விளக்கம் உண்டு. தோலில் தொடு உணர்வு பெருகும்போது வலிச் செய்தி சற்று நேரம் மங்குகிறது; கிழிந்த இழை கிழிந்தபடியே இருக்கிறது. இழுக்கும்போது கேட்கும் "டக்" என்ற ஒலி மூட்டு நீரில் குமிழி உண்டாவதாலோ தசைநாண் நழுவி அசைவதாலோ வருவது. பிசகிய நரம்பு திரும்பிய ஒலி அன்று.

"நடக்க முடிகிறது, அதனால் முறிவு இல்லை" என்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு கிளை. சிறிய முறிவோடு நொண்டி நடப்பவர்கள் உண்டு. அதற்காகப் புரண்ட ஒவ்வொரு காலையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றும் இல்லை. யாருக்கு எக்ஸ்ரே வேண்டும் என்ற கேள்விக்குக் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவும் 1992-இல் தெளிவான விடை தந்தார்கள். வெளிக்கணு எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டருக்குள் எங்காவது, அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா? உள்கணுவின் பின்விளிம்பிலும் அப்படி வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடியில் வலிக்கிறதா? உட்புற வளைவின் மேலுள்ள எலும்பில் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும், மருத்துவர் பார்க்கும்போதும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்காவது "ஆம்" என்றால் எக்ஸ்ரே வேண்டும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் பெரும்பாலும் வேண்டியதில்லை. 15,581 நோயாளிகளைக் கொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளிவந்த மதிப்பீடு, இந்த விதிகள் "முறிவில்லை" என்று விட்டவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே முறிவு இருந்ததாகக் கண்டது. தேவையற்ற எக்ஸ்ரேக்களையும் இவை 30 முதல் 40 சதவீதம்வரை குறைக்கும். அதாவது நடக்க முடிவது ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே விடை. இந்த விதிகளைச் சிறு குழந்தைகளிடமும், நெடுநாள் சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்களிடமும் நம்பக் கூடாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு அடிபட்டிருக்கலாம். உணர்ச்சி குறைந்தவருக்கோ முறிவுகூட வலிக்காது. சர்க்கரை நோயாளியின் கணுக்கால் வலியில்லாமல் வீங்கினால் அதைச் சுளுக்கு என்று தள்ளிவிடுவது மிகப் பெரிய ஆபத்து.

இழுப்பதைக் கைவிட்டவர்களில் பலர் எதிர்த் திசையில் போய்விடுகிறார்கள்: கட்டுப் போட்டு, அசையாமல் வைத்து, வாரக்கணக்கில் காத்திருப்பது. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் ஒரே சூத்திரமாகச் சேர்த்து 1978-இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே எழுதித் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்கும், தாராளமாக வைக்கலாம். அது காயத்தை ஆற்றும் என்று எண்ணக் கூடாது, அவ்வளவுதான். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் லேசான, நடுத்தரச் சுளுக்கு உள்ள 101 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முதல் வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்கினார்கள். ஓய்வெடுத்தவர்களைவிட இவர்களுடைய கால் முதல் இரண்டு வாரங்களில் நன்றாக இயங்கியது. மாவுக்கட்டின் பக்கம் நியாயமே இல்லையா என்று கேட்டால், கடுமையான சுளுக்கில் உண்டு. இங்கிலாந்தில் 584 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, ஊன்றவே முடியாத அளவு அடிபட்டவர்களுக்கு வெறும் துணிக்கட்டைவிடப் பத்து நாள் மாவுக்கட்டு விரைவான குணம் தந்ததைக் காட்டியது. ஆனால் அந்தக் கட்டு பத்து நாளுக்குத்தான், ஆறு வாரத்துக்கு அன்று. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது எந்தச் சிகிச்சைக்கும் வேறுபாடு இல்லை. கட்டு தொடக்கத்துக்கு உதவும். நீண்ட நாள் பலன் அதில் இல்லை.

அந்தப் பலன் எங்கே இருக்கிறது என்பதை 1965-இலேயே ஃப்ரீமன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் தம் சகாக்களோடு எழுதிவிட்டார். தசைநார் வெறும் கயிறு அன்று. மூட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய உணர்விகள் அதற்குள் இருக்கின்றன. தசைநார் கிழியும்போது இந்தச் செய்தி வழியும் சேதமாகிறது. கால் புரளத் தொடங்குவதை உடல் தாமதமாக அறிகிறது. காப்பாற்ற வேண்டிய வெளிப்பக்கத் தசைகள் தாமதமாக விழிக்கின்றன. தசைநார் ஆறிய பின்பும், வலி முழுதும் போன பின்பும், சமதரையில் நடக்கும்போதே கால் தானாக நழுவுவதற்கு இதுவே விளக்கம் என்றார் அவர். ஒற்றைக்காலில் நிற்கவும், ஆடும் பலகைமேல் சமநிலை காக்கவும் பயிற்சி கொடுத்தவர்களிடம் அந்த நழுவல் குறைந்ததையும் காட்டினார். பின்வந்த ஆய்வுகள் விளக்கத்தின் சில கூறுகளைத் திருத்தினாலும் மருந்தை உறுதிப்படுத்தின. முதல் சுளுக்குக்குப் பின் ஏறக்குறைய 40 சதவீதம் பேர்வரை நாள்பட்ட தளர்ச்சிக்கு ஆளாகிறார்கள் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பு. முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருகிறது. கணுக்கால் தேய்மானம் பெரும்பாலும் பழைய காயத்தின் பின்விளைவாக வருகிறது. "ஒண்ணுமில்லை" என்று கடந்துவிட்டதன் கணக்கு இருபது ஆண்டு கழித்து வந்து சேர்கிறது.

இதைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நெதர்லாந்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு நேரான பதில் தருகிறது. சுளுக்கு ஏற்பட்டு வழக்கமான சிகிச்சையை முடித்துக்கொண்ட 522 விளையாட்டு வீரர்களில் பாதிப்பேருக்கு எட்டு வாரச் சமநிலைப் பயிற்சியும் கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத்துக்கு மிகாமல், மேற்பார்வை இல்லாமல், வீட்டிலேயே. ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கிக்கொண்டவர்கள் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம், செய்யாதவர்களில் 33 சதவீதம். எந்த எண்ணெயாலும், எந்தப் பற்றாலும், எந்த ஸ்ப்ரேயாலும் இந்த வேறுபாட்டைக் காட்ட முடிந்ததில்லை. பயிற்சி முறையும் எளிது. முறிவில்லை என்று உறுதியானதும், வலி பொறுக்கும் அளவில் பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்கலாம். ஊன்றி நடக்க முடிந்ததும் குதிகாலை உயர்த்தி இறக்கலாம். பிறகு சுவரருகே ஒற்றைக்காலில் நிற்கலாம். அது பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்துத் தலையணைமேல், அடுத்துப் பந்தைப் பிடித்து எறிந்தபடி. கடைசியாக ஒற்றைக்காலில் தாவுதல், ஓடிக்கொண்டே திசை மாறுதல். அடிபட்ட கால் இவை எல்லாவற்றிலும் நல்ல காலுக்கு இணையாக வரும்வரை களத்தில் இறங்கக் கூடாது. வலி நின்ற நாளைக் குணமான நாளாகக் கொள்ளாமல், இந்த இணைநிலை வந்த நாளைக் கொள்ள வேண்டும்.

இரண்டு எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, "ஏழைகளுக்குப் பக்கத்தில் கிடைப்பது சுளுக்கு எடுப்பவர்தான், பிசியோதெரபிஸ்டுக்கு எங்கே போவது?" என்பது. இந்தக் கேள்வியின் வலி நியாயமானது. ஆனால் இங்கே பேசப்படும் மருந்துக்கு விலையே இல்லை. ஒரு சுவரும் ஒரு தலையணையும் தினமும் கொஞ்ச நேரமும் போதும். மருத்துவமனை தேவைப்படுவது முறிவு ஐயம் உள்ளவர்களுக்கும், நாட்கள் ஆகியும் ஊன்ற முடியாதவர்களுக்கும். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே கிடைக்கும். இரண்டாவது, "கணுக்காப்பு மாட்டிக்கொண்டால் போதாதா?" என்பது. காப்புக்குப் பலன் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளின் கூடைப்பந்து வீரர்கள் 1,460 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், கயிறு கட்டும் வகைக் கணுக்காப்பு அணிந்தவர்களுக்குக் காயங்கள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் ஏற்பட்ட காயத்தின் கடுமை குறையவில்லை. கழற்றியபின் காப்பு காக்காது, பயிற்சி பெற்ற தசை காக்கும். இரண்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் பயிற்சியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த நம்பிக்கையை மாற்றும் பொறுப்பு மருத்துவரிடம் மட்டும் இல்லை. கபடியும் வாலிபாலும் மண் தரையில் ஆடப்படும் நம் பள்ளிகளில், புரண்ட காலை முதலில் பார்ப்பவர் உடற்கல்வி ஆசிரியர். ஊர்க் குழுக்களில் பயிற்சியாளர். நான்கு அடி நடக்கச் சொல்வதும், எலும்பின் விளிம்பை அழுத்திப் பார்ப்பதும், ஐயம் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதும் அவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆட்டத்துக்கு முன் எல்லா மாணவரையும் சில நிமிடம் ஒற்றைக்காலில் நிற்க வைப்பதற்கு அரசாணை தேவையில்லை. வலி போய்விட்டது என்று சொல்லிக் களத்துக்கு ஓடிவரும் பையனை நிறுத்தி, "அந்தக் காலால் மட்டும் தாவிக் காட்டு" என்று கேட்பதுதான் அவர்கள் அவனுக்குச் செய்யும் சிகிச்சை. அதைக் கேட்காமல் அவனை ஆடவிடும் ஒவ்வொரு முறையும், அடுத்த சுளுக்குக்கு நாமே நாள் குறித்துக் கொடுக்கிறோம்.