படகேற ஏலாதவரிடம் யார் போறது?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையா வாசியுங்கோ.

தீவுப்பகுதிச் சுகாதாரம் பற்றி யார் கதைத்தாலும் கதை இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். ஆஸ்பத்திரிக்கு டொக்டர் வேணும், குறிகட்டுவானுக்கு நல்ல படகு வேணும். இரண்டும் வேணும்தான். நெடுந்தீவிலிருந்து ஒரு மணித்தியாலம் கடலில் வந்து, பிறகு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் கோரிக்கைகள் எல்லாம் படகேறக் கூடிய வருத்தக்காரருக்கு. படகேற ஏலாதவருக்கு?

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தவரை எடுத்துக்கொள்ளுங்கோ. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு விடுகிறார்கள், பிஸியோதெரபிக்கு வரச் சொல்கிறார்கள். முதல் சில மாதங்களில் செய்கிற பயிற்சியில்தான் கை காலின் பலம் கூடுதலாகத் திரும்பி வரும். இறங்குதுறையில் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டிய மனிதர் நயினாதீவிலிருந்தோ அனலைதீவிலிருந்தோ எத்தனை தரம் போவார்? ஒரு தரம், இரண்டு தரம். பிறகு கட்டில்தான். மகள் சோறு தீத்த வேணும், மகன் தூக்கிக் குளிப்பாட்ட வேணும். பிள்ளைகள் கனடாவில் என்றால், பிறந்த ஊரை விட்டு முதியோர் இல்லம். எழும்பி நடந்திருக்கக் கூடிய மனிதர்!

சலரோகமும் அப்படித்தான். கால் விறைத்தவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது. யாராவது வந்து பாதத்தைப் பார்த்தால் சின்னக் காயத்திலேயே பிடிக்கலாம். காற்றுக்காலத்தில் இரண்டு கிளினிக் தவறினால் விரல் போகும், சில நேரம் காலே போகும்.

வீடு தேடி வருவது எங்களுக்குப் புதிதில்லை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில்தான் மிட்வைஃப் வீடுவீடாகப் போகும் வழக்கம் நாட்டில் வேரூன்றியது. கர்ப்பிணி கிளினிக்குக்கு வராவிட்டால் அவர் வாசலில் வந்து நிற்பார். பிரசவத்தில் தாய்மார் மௌத்தாவது இலங்கையில் இவ்வளவு குறைந்ததற்கு அந்த நடையும் ஒரு பெரிய காரணம். எழுபது வயதுக்காரரின் வாசலுக்கு ஏன் அப்படி ஒருவர் இல்லை?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். பிரஷர், சீனி மாத்திரை வீட்டுக்கு வருகிறது. பிஸியோதெரபியும் வீட்டிலேயே. கேரளத்தின் மலப்புறத்தில் 2000 ஆம் ஆண்டை ஒட்டி ஊர்ச்சனமே பயிற்சி எடுத்து, கிழமைக்குச் சில மணித்தியாலம் ஒதுக்கி, தாதிமாரோடு சேர்ந்து கட்டிலில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். 2008 இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது.

பிஸியோதெரபிஸ்ட்மார் குறைவு என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பத்து வருத்தக்காரர் கடல் தாண்டுவதை விட ஒரு பிஸியோதெரபிஸ்ட் கடல் தாண்டுவது சுகம். தீவுக்குக் கிழமையில் ஒரு நாள் வந்து பயிற்சியைக் காட்டிக் கொடுக்கட்டும். மற்ற நாளில் பக்கத்தில் நின்று அதைச் செய்விக்க, ஏ.எல். முடித்து வேலையில்லாமல் இருக்கிற எங்கட பிள்ளைகளைப் பழக்கலாம். பெண் வருத்தக்காரருக்குப் பெண்பிள்ளைதான் போகவேணும், இதைத் தொடக்கத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

செய்விக்க என்றுதான் எழுதினேன், செய்து கொடுக்க என்றில்லை. பாசத்தில் நாங்கள் எல்லாத்தையும் செய்து கொடுத்தே ஆளைப் படுக்கையாக்கி விடுகிறோம். கரண்டியை அவர் கையில் கொடுங்கோ, சிந்தினால் துடைக்கலாம். இன்சுலின் ஊசியைத் தானே போடப் பழக்குங்கோ. கக்கூசுச் சுவரில் பிடிக்க ஒரு கம்பி பூட்ட எவ்வளவு முடியும்? அந்தக் கம்பி இல்லாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எவ்வளவு முடியும்?

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு சொல். பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளித் தருகிறீர்கள், அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். கக்கூசுக் கம்பியில் உபயகாரர் பெயர் பொறிக்க ஏலாது. எண்டாலும் தாருங்கோ.

பள்ளி நிர்வாகமும் கோவில், தேவாலய நிர்வாகங்களும் கிராம சேவகரோடு ஒருக்கா ஒன்றாக இருந்து கணக்கெடுத்தால், சுகாதார வைத்திய அதிகாரியிடம் வெறுங்கையோடு போகத் தேவையில்லை. அதற்கு முதல், உங்கட தெருவில் வீட்டை விட்டு வெளியே வர ஏலாதவர்கள் எத்தனை பேர், அதில் தனியே இருப்பவர் எத்தனை பேர் என்று கொமன்ட்டில் போடுங்கோ. பெயர் வேண்டாம், தீவும் எண்ணிக்கையும் போதும்.