வெப்பவாதத்தில் மூளையைக் காத்தல்: தூத்துக்குடி உப்பளங்களுக்கும் துறைமுகத்துக்குமான நிலைப்பாடு

உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளையும் தடுமாறத் தொடங்கும் நிலையே வெப்பவாதம். பிதற்றல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. உழைப்பின் நடுவே சாய்பவரின் சட்டை தொப்பலாக நனைந்திருக்கலாம். உப்பளத்திலோ, துறைமுகத்திலோ, மீன்பிடித் தளத்திலோ இப்படிச் சாய்பவரின் முழு உடலையும் விழுந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும், அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது இவ்வறிக்கையின் நிலைப்பாடு.

மூளைச் சேதம்

சிறுமூளையின் புர்கிஞ்சி செல்கள் வெப்பத்தால் எளிதில் மடிகின்றன. பிழைத்தவர்களில் சிலருக்கு நடைத் தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் நிலைத்துவிடுவது இதனால்தான். சூடு எவ்வளவு ஏறியது என்பதோடு, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் சேதத்தைத் தீர்மானிக்கிறது. எனவே 30 நிமிடங்களுக்குள் உள்வெப்பத்தை 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவருவதே இலக்கு.

தலையில் மட்டும் ஐஸ் வைப்பது போதாது. கழுத்து வழியே ஏறும் இரத்தம் சூடாக இருக்கும்வரை மூளையும் சூடாகவே இருக்கும். தலைக்கவசம், மூக்குவழிக் குளிர்விப்பு போன்ற கருவிகள் முழு உடல் குளிர்விப்புக்கு மாற்று என நிரூபிக்கப்படவில்லை. இது காய்ச்சல் அல்ல என்பதால் பாராசிட்டமால் பயன் தராது.

இக்கரையின் நிலை

வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களே உப்பு விளையும் மாதங்கள். தொழிலாளர்கள் விடியுமுன்பே பாத்தியில் இறங்கினாலும், வெயில் ஏறிய பின்னும் வேலை தொடர்கிறது. வெண்ணிற உப்பு கீழிருந்தும் வெயிலைத் திருப்பி அடிக்கிறது. கடற்கரைக் காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஈரக்காற்றில் விசிறுவதும் தண்ணீர் தெளிப்பதும் மெதுவாகவே குளிர்விக்கும். உழைப்பில் சாய்ந்தவருக்கு ஐஸ் நீரில் அமிழ்த்துவதே விரைவான வழி.

அதற்கு வேண்டிய பொருள் இவ்வூரில் புதிதல்ல. மீன் கெடாமலிருக்க ஐஸ் கம்பெனிகள் கட்டி கட்டியாக ஐஸ் தருகின்றன. உப்புக் குவியலை மூடத் தார்ப்பாய் இருக்கிறது. சாய்ந்தவரைத் தார்ப்பாயில் கிடத்தி, ஓரங்களை நான்கைந்து பேர் தூக்கிப் பிடித்து, உடைத்த ஐஸையும் தண்ணீரையும் ஊற்றி அலசிக்கொண்டே இருந்தால் அதுவே தொட்டியாகும். கடல்நீரானாலும் தடையில்லை. முகம் நீருக்கு மேலே இருக்க வேண்டும்; மூச்சை ஒருவர் கவனிக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது. 108-ஐ அழைப்பதும் குளிர்விப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

சான்று

அமெரிக்காவின் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பவாதத்துக்கு உள்ளான 274 பேரும், அங்கேயே ஐஸ் நீரில் அமிழ்த்தப்பட்டு உயிர் பிழைத்தனர். 2024-இல் புது தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை இதே முறைக்கெனத் தொட்டிகளுடன் தனிப்பிரிவு தொடங்கியது.

கோரிக்கைகள்

1. கோடை முழுவதும் ஒவ்வொரு உப்பளத்திலும் சரக்குத் தளத்திலும் ஐஸ் பெட்டி, தார்ப்பாய், தண்ணீர், நிழற்கூடம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

2. மேஸ்திரிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் ஆண்டுதோறும் செய்முறைப் பயிற்சி அளிக்க வேண்டும்.

3. ஆம்புலன்ஸ்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆசனவாய் வெப்பமானி இருக்க வேண்டும். அக்குளில் வைத்துப் பார்க்கும் அளவை நம்ப முடியாது. உள்வெப்பம் 39 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

4. முதியோரும் இதய நோயாளிகளும் அமிழ்த்தலைத் தாங்காத நிலையில், ஈரத்துணி, ஐஸ் ஒத்தடம், விசிறி ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

5. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழிசெய்தது. சாவைத் தடுக்கும் ஐஸுக்கும் பயிற்சிக்கும் அதே பேரிடர் நிதியிலிருந்து ஒதுக்கீடு வேண்டும்.