முதலில் ஆளைப் பாருங்கள்

பெங்களூர் மருத்துவமனை ஒன்றின் இதயக் கண்காணிப்புப் பிரிவில் நர்ஸாகச் சேரப்போகிறார் தருமபுரி வாசகி ஒருவர். "எட்டுப் படுக்கை, எட்டுக் கோடு. மானிட்டரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

கோடுகளைப் படிக்கப் பழகிவிடலாம். காது மரத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். ஒரு ஷிப்டில் அலறும் அலாரங்களில் பெரும்பாலானவை பொய். நோயாளி பல் துலக்கினால்கூட ஆபத்தான துடிப்பு போலவே கோடு துள்ளும். ஒயர் கழன்றால் நேர்கோடு. பத்து முறை ஏமாந்தவர் பதினோராவது முறை உட்கார்ந்த இடத்திலிருந்தே அலாரத்தை அணைத்துவிடுவார். அது நிஜமாக இருந்தால்?

எனவே, அணைக்குமுன் எழுந்து போங்கள். பேசுகிறாரா, கழுத்தில் நாடி தெரிகிறதா என்று பாருங்கள். மார்பைத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் ஒட்டுப் பட்டைகளைத் தினமும் மாற்றினாலே பொய் அலாரம் குறையும். அலாரத்தின் மேல், கீழ் எல்லைகளை அந்தந்த நோயாளிக்கு ஏற்றபடி வைக்க டாக்டரிடம் கேளுங்கள்.

இத்தகைய பிரிவுகள் 1960களில் பிறந்தவை. 1962இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகர பெத்தனி மருத்துவமனையில் தொடங்கியது முதல் சிலவற்றில் ஒன்று. பிலடெல்பியாவில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சர் ஒரு படி மேலே போனார். பயிற்சி பெற்ற நர்ஸே, டாக்டருக்குக் காத்திராமல், மின் அதிர்ச்சி தரலாம் என்றார். அன்று அது துணிச்சல்தான். ஆனால் கணக்கு எளிது. இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும்போது, நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் இல்லாவிட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. டாக்டர் மூன்று மாடி ஏறி வரும்வரை அது பொறுக்காது. உங்கள் மருத்துவமனையில் நர்ஸ் ஷாக் கொடுக்கலாமா என்பதை முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். டிஃபிபிரிலேட்டரில் சார்ஜ் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பாருங்கள்.

கொஞ்சம் கன்னடமும் வேண்டும். 'எதெ நோவு' என்றால் நெஞ்சு வலி, 'எதெ உரி' என்றால் நெஞ்செரிச்சல். பலர் "கேஸ்" என்றே ஒதுக்குவார்கள், நம்பிவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம்.

2021 அக்டோபரில் நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபின் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. அந்த அளவுக்குப் பயந்த ஊர். உறவினரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடு துள்ளினால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பல் துலக்கியதால்தான் என்றால், அதை அவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போங்கள்.